ஆயிரம் கஜத்தில் ஒரு குண்டு: நெடுந்தூரத் துல்லியத்தில் கருவியின் பங்கு எவ்வளவு?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி நின்று சுட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் அவரும் அவருடைய இணையும் வெள்ளி வென்றார்கள். “கருவியெல்லாம் சும்மா, கை நன்றாக இருந்தால் போதும்” என்ற முடிவும் படத்தோடு சேர்ந்து பரவியது. அதே ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயின் விறைப்பான ஜாக்கெட்டையும், திருகுகளும் தகடுகளும் நிறைந்த துப்பாக்கியையும் பார்த்தவர்கள் நேர் எதிராகச் சொன்னார்கள்: “லட்சக்கணக்கில் காசு இருந்தால்தான் இந்த விளையாட்டு.”

நீலகிரியில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், அடுத்த ஸ்டேஷனான அருவங்காட்டில் கார்டைட் ஃபேக்டரி என்று துப்பாக்கியும் வெடிமருந்தும் பிழைப்போடு கலந்துபோன மலை இது. இங்குள்ள இளைஞர்கள் ரைஃபிள் சுடுதலில் இறங்க நினைக்கும்போது முதலில் கேட்பது, எதில் பணம் போடுவது என்பதைத்தான்.

மேலே சொன்ன இரண்டு முடிவுகளும் நெடுந்தூரச் சுடுதலுக்குப் பொருந்தாது. அங்கே கருவியின் தரம் உண்மையிலேயே கணக்கில் வரும். ஆனால் தரம் என்றால் விலையோ தோற்றமோ அல்ல. ஒவ்வொரு முறையும் கருவி ஒரே மாதிரி நடந்துகொள்வது. அந்தச் சீர்மை எந்த இடத்தில் குறைகிறது என்று கண்டுபிடித்துப் பணத்தை அங்கே போடவேண்டும். மற்ற இடங்களில் போடுவது வீண்.

அளவுகோல்: ஒரு மினிட் என்பது என்ன?

ஒரு பாகையை 60 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குதான் மினிட். சுடுவோர் துல்லியத்தை இந்தக் கோண அளவில்தான் பேசுவார்கள். தூரம் கூடக்கூட அதே கோணம் விரிந்துகொண்டே போகும்.

- 100 மீட்டரில் ஒரு மினிட் என்பது சுமார் 2.9 செ.மீ.
- 300 மீட்டரில் 8.7 செ.மீ.
- 1000 கஜத்தில், அதாவது 914 மீட்டரில், 26.6 செ.மீ.

இப்போது இலக்கைப் பார்ப்போம். சர்வதேச 300 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 செ.மீ. படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் என்ற குறித் தொலைநோக்கி வழியாகச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் 1000 கஜத்துக்கான பத்துப் புள்ளி வட்டம் 10 அங்குலம். இரண்டுமே ஒரு மினிட்டை ஒட்டியவை. ஆக, துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து ஒரு மினிட்டுக்குள் நிற்காவிட்டால், சுடுபவர் பிழையே செய்யாவிட்டாலும் புள்ளி போகும்.

டிகெச் படத்தின் புதிரும் இங்கே அவிழ்கிறது. ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. போட்டித் தரமுள்ள எந்த ஏர் பிஸ்டலும் 10 மீட்டரில் அதைவிடச் சிறிய இடத்துக்குள் சுடும். அரங்கத்துக்குள் காற்றும் இல்லை. கருவியின் பிழை முன்பே தீர்க்கப்பட்டுவிட்ட ஆட்டம் அது. அவர் தவிர்த்தது கண் மறைப்பு, தனி லென்ஸ் போன்ற துணைப் பொருட்களை மட்டுமே; பிஸ்டலின் தரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். பத்துக் குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது ஒரு கேள்வி. அதைக் ‘குரூப்’ என்கிறோம். அந்தக் கூட்டம் இலக்கின் நடுவில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பெரும்பாலும் கருவி பொறுப்பு. இரண்டாவதற்குச் சுடுபவரின் கணிப்பு பொறுப்பு, முக்கியமாகக் காற்றைப் பற்றிய கணிப்பு.

தூரம் கூடும்போது என்ன மாறுகிறது?

பழைய டார்கெட் ரைஃபிள் போட்டிகளில் வழக்கமான .308 அளவுத் துப்பாக்கியை (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்) எடுத்துக்கொள்வோம். 155 கிரெயின், அதாவது சுமார் 10 கிராம் எடையுள்ள குண்டு குழலை விட்டு நொடிக்கு 900 மீட்டர் அளவு வேகத்தில் கிளம்புகிறது. முதல் 100 கஜத்தைக் கடக்கப் பத்தில் ஒரு நொடிதான். 1000 கஜத்துக்கோ ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் புவியீர்ப்பு குண்டை 8 முதல் 10 மீட்டர் வரை கீழே இழுத்துவிடும். காற்றின் உராய்வு வேகத்தில் பாதிக்கு மேல் குறைத்து, ஒலியின் வேகத்துக்குச் சற்று மேலே நிறுத்தும். ஒலியின் வேகத்தை நெருங்கும் கட்டத்தில் குண்டு தள்ளாடத் தொடங்கும் என்பதால் அந்த எல்லைக்கு முன்பே இலக்கை அடைவது நல்லது.

கிட்டத்தில் கண்ணுக்கே தெரியாத சிறு வேறுபாடுகள் இந்த ஒன்றரை நொடிக்குள் பெரிதாகின்றன. 100 மீட்டரில் அழகான குரூப் காட்டும் துப்பாக்கி 1000 கஜத்தில் சிதறுவது இதனால்தான்.

தோட்டா: கண்ணுக்குத் தெரியாத பெரிய பிழை

கருவியின் தரம் என்றதும் பலரும் துப்பாக்கியைத்தான் நினைக்கிறார்கள். நெடுந்தூரத்தில் முதலில் பார்க்கவேண்டியது தோட்டாவை, அதாவது குண்டும் மருந்தும் உறையும் சேர்ந்த முழுப் பொருளை.

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்களின் வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேறுபாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கஜத்தில் அந்த இரண்டு குண்டுகளும் விழும் உயர வேறுபாடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஒரே ஓட்டையாகத் தெரியும். 300 மீட்டரில் ஒன்றரை செ.மீ. அளவுக்கு வரும். 1000 கஜத்தில் 20 முதல் 30 செ.மீ. ஆகிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டத்தையும் இந்த ஒரு பிழையே விழுங்கிவிடுகிறது. இலக்குப் பலகையில் ஓட்டைகள் பக்கவாட்டில் ஒழுங்காகவும் மேலும் கீழுமாக நீண்டும் கிடந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தோட்டாவின் வேகத்தைத்தான்.

வேகம் ஏன் மாறுகிறது? .308 தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து சுமார் 3 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லிகிராம், கூடினாலோ குறைந்தாலோ வேகம் நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வரை மாறலாம். சமையலறையில் விரல் நுனியால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைந்த அளவு அது. மருந்தின் எடை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. மணிகளின் பருமனும், அவற்றில் தங்கிய ஈரப்பதமும், பித்தளை உறையின் உட்கொள்ளளவும், உறையின் கழுத்து குண்டைப் பிடித்திருக்கும் இறுக்கமும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் தீப்பொறியும் ஒத்துப்போக வேண்டும்.

இதை அருவங்காட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தொழிற்சாலை வந்தது கார்டைட் செய்வதற்காக. நைட்ரோகிளிசரின், நைட்ரோசெல்லுலோஸ், பெட்ரோலியம் ஜெல்லி மூன்றையும் பிசைந்து, துளைகள் வழியாக அழுத்திக் கயிறு கயிறாக எடுத்த மருந்து அது. 2021 அக்டோபரிலிருந்து அந்தத் தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. துப்பாக்கி மருந்துத் தயாரிப்பில் கடினமான பகுதி எரியவைப்பது அல்ல. இன்றைய தொகுதியும் போன மாதத் தொகுதியும் ஒரே வேகத்தில் எரியும்படி செய்வது. அதற்காகவே பல தொகுதிகளைக் கலந்து ஒரு சீரான லாட்டாக ஆக்குகிறார்கள். இந்த உழைப்பின் அருமையை 1000 கஜ இலக்குப் பலகைதான் சரியாகக் காட்டும்.

குண்டின் சமநிலையும் இதே அளவு முக்கியம். குண்டைச் சுழலவைக்க உட்புறத்தில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று சுருளாக வரி வெட்டிய குழலிலிருந்து நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு, நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. செம்பு உறை ஒரு பக்கம் மிக லேசாகத் தடித்திருந்தாலும், அந்தச் சுழற்சி அதைப் பக்கவாட்டு உதைப்பாக மாற்றிவிடும். போட்டிக்கான குண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் இந்தச் சீரான உறைக்குத்தான்.

இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் 1890 முதல் நடந்துவரும் போட்டிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எல்லாருக்கும் ஒரே வகைத் தோட்டாவை நிர்வாகமே வழங்கும். தோட்டாவால் யாருக்கும் முன்னிலையோ பின்னடைவோ வரக்கூடாது என்பதே நோக்கம். ஒரே தோட்டாவைக் கொடுத்த பிறகும் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பெரும்பகுதி மனிதர்களுடையது.

குழலும் அதன் பொருத்தமும்

துப்பாக்கியில் துல்லியத்தைத் தீர்மானிக்கும் முதல் உறுப்பு குழல். கவனிக்கவேண்டியவை:

1. உள்விட்டம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவாக, உள்ளே வழவழப்பாக இருக்கவேண்டும். கைவேலையாக மெருகேற்றிய குழலின் விலை கூடுவதற்குக் காரணம் இது.
2. வரியின் சுற்று. நீளமான, கனமான குண்டுக்கு வேகமான சுழற்சி தேவை. குழலுக்குப் பொருந்தாத குண்டைப் போட்டால் விலை உயர்ந்த இரண்டும் சேர்ந்து மோசமாகச் சுடும்.
3. வாய்விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே ஒரு சிறு வடு இருந்தாலும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறி குண்டைச் சாய்க்கும். சுத்தம் செய்யும் கம்பியை முன்பக்கமாக விட்டு இழுப்பவர்களின் துப்பாக்கிகளில் இந்த வடு சகஜம்.
4. குழலைத் தாங்கும் கட்டையோடு உரசாமை. சுடும்போது குழல் அதிர்கிறது. அது எதையும் தொடாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு பத்து ரூபாய் நோட்டை நுழைத்து முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே தொடுகிறது.

நான்காவதை நீலகிரியில் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். ஜூன், ஜூலை மழையிலும் மூடுபனியிலும் மரக்கட்டை ஈரம் வாங்கி உப்பும். கோடையில் நோட்டு தாராளமாக ஓடிய இடைவெளி, தென்மேற்குப் பருவத்தில் அடைந்துபோகும். துப்பாக்கியை யாரும் தொடாமலே குறி நகர்ந்துவிட்டது போலத் தோன்றும். அலுமினியம் அல்லது செயற்கை இழைக் கட்டையும், துப்பாக்கியின் உடல் உட்காரும் இடத்தில் எபாக்ஸி ஊற்றிச் செய்த படுகையும் இந்த மலையில் ஆடம்பரம் ஆகாது.

விசையை, அதாவது டிரிகரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எடை குறைவதைவிட, அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முறிவதுதான் முக்கியம். 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளில் விசைக்குக் குறைந்தது 1,500 கிராம் என்று விதியே இருக்கிறது. அந்த எடையிலும் சாம்பியன்கள் உருவாகத்தான் செய்கிறார்கள்.

ஸ்கோப்: உருப்பெருக்கத்தில் ஏமாறாதீர்கள்

கடையில் ஸ்கோப்பின் உருப்பெருக்கம்தான் பேசப்படும். 40 மடங்கு, 60 மடங்கு என்று சொல்லும்போது கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் வெயில் ஏறியதும் நிலத்திலிருந்து எழும் கானலையும் அது அதே அளவு பெரிதாக்கிக் காட்டும். இலக்கு தண்ணீருக்குள் நெளிவதுபோல ஆடும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: குறியை நகர்த்தும் திருகைக் கால் மினிட் திருப்பினால் குறி சரியாகக் கால் மினிட் நகர்கிறதா? முப்பது மினிட் ஏற்றிவிட்டுத் திரும்ப இறக்கினால் பழைய இடத்துக்கே வருகிறதா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் சொல்லும் சாதாரணத் தோற்றமுள்ள ஸ்கோப், பளபளக்கும் இன்னொன்றைவிட மேல். அதைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகுகள் தளர்ந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மலைப்பகுதிக்கே உரிய ஒரு பிழை இங்கே இருக்கிறது: சாய்வு. 1000 கஜத்துக்காக ஸ்கோப்பை 30 மினிட்டுக்கு மேல் ஏற்றியிருப்போம். அந்த நிலையில் துப்பாக்கி ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலும் குண்டு சுமார் 15 செ.மீ. அந்தப் பக்கமாகப் போகும். சமவெளியில் அடிவானம் கண்ணுக்கு ஒரு மட்டக்கோல். கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றால் மட்டமான கோடு ஒன்றுகூடக் கண்ணில் படாது. தேயிலை வரிசை ஒரு பக்கம் இறங்கும், சாலை இன்னொரு பக்கம் ஏறும். கண் ஏதோ ஒரு சரிவை மட்டம் என்று எடுத்துக்கொண்டு துப்பாக்கியை அதற்கேற்பச் சாய்த்துவிடும். ஸ்கோப்பின் மேல் பொருத்தும் சிறிய ரசமட்டம் இதை முழுவதுமாகத் தீர்க்கும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய பிழையை நீக்கும் வேறு பொருள் இந்த விளையாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிழைகள் எப்படிக் கூடுகின்றன?

‘எதில் பணம் போடுவது’ என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத பிழைகள் நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்கவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: துப்பாக்கியின் பிழை 0.5 மினிட், தோட்டாவுடையது 1, சுடுபவரின் பிடிப்பும் குறியும் 1, காற்றுக் கணிப்பு 2 என்று வைத்துக்கொள்வோம்.

1. இப்போதைய மொத்தம்: 0.25 + 1 + 1 + 4 = 6.25. வர்க்கமூலம் 2.5 மினிட்.
2. பெரும் பணம் கொடுத்துத் துப்பாக்கியின் பிழையைப் பாதியாக்கினால்: 2.46 மினிட். மாற்றம் தெரியவே தெரியாது.
3. தோட்டாவின் பிழையைப் பாதியாக்கினால்: 2.35.
4. காற்றுக் கணிப்பின் பிழையைப் பாதியாக்கினால்: 1.8.

எல்லாவற்றிலும் பெரிய பிழைதான் மொத்தத்தை ஆள்கிறது. ஆனால் இதே கணக்கைக் காற்றின் தாக்கம் குறைவான 300 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். காற்றுப் பிழை 0.5 ஆகிவிட்டால் மொத்தம் 1.58, அங்கே தோட்டாவை மட்டும் மேம்படுத்தினாலே 1.32-க்கு இறங்கிவிடும். எந்தத் தூரத்தில் சுடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. “எது நல்ல துப்பாக்கி” என்று பொதுவாகக் கேட்பவருக்குத் தெளிவான பதில் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

விற்பவர்கள் காட்டும் ‘அரை மினிட் துப்பாக்கி’ சான்றையும் இந்த இடத்தில் சரிபார்க்கவேண்டும். மூன்று குண்டுக் குரூப்பை நம்பாதீர்கள். அதே துப்பாக்கியில் பத்துக் குண்டு சுட்டால், எந்தக் கோளாறும் இல்லாமலே குரூப் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். எண்ணிக்கை கூடினால் ஓரத்தில் விழுபவையும் சேரும் என்பது புள்ளியியல் இயல்பு.

நீலகிரி உயரம் என்ன செய்கிறது?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். சென்னையின் 30 டிகிரி வெயிலில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால், ஊட்டியின் 15 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதிலிருந்து சில விளைவுகள்.

கீழே 1000 கஜத்துக்குச் சரிசெய்த குறியோடு மேலே வந்து சுட்டால் குண்டு ஒரு மீட்டருக்கும் மேல் உயரே போகும். இது துப்பாக்கியின் கோளாறு அல்ல. காற்றுத் தடை குறைந்ததன் விளைவு. நொடிக்கு 1 மீட்டர் வேகமுள்ள குறுக்குக் காற்று கடலோரத்தில் குண்டை அரை மீட்டர் தள்ளும். ஊட்டி உயரத்தில் அது சுமார் 40 செ.மீ. ஆகக் குறையும். இதுவரை மலை சாதகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மருந்தும் குளிரை உணரும். சில மருந்துகளில் ஒரு டிகிரிக்கு நொடிக்கு அரை மீட்டர் வரை வேகம் மாறும். மேட்டுப்பாளையத்தின் 35 டிகிரியில் சோதித்த தோட்டா, ஊட்டியின் 15 டிகிரியில் நொடிக்கு 10 மீட்டர் வரை வேகம் இழக்கலாம். மெல்லிய காற்று குண்டை மேலே கொண்டுபோகிறது. குளிர்ந்த மருந்து கீழே இறக்குகிறது. வெப்பத்துக்கு அசையாத மருந்தைத் தேடி நெடுந்தூரச் சுடுநர்கள் கூடுதல் விலை கொடுப்பது இந்த இழுபறியைத் தவிர்க்கத்தான்.

காற்றின் திசைதான் மலையில் உண்மையான சோதனை. பகலில் சூடேறிய காற்று சரிவில் ஏறும், மாலையில் குளிர்ந்து இறங்கும். முகட்டைத் தாண்டும் காற்று குண்டைப் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழுமாகவும் தள்ளும். சுடும் இடத்தில் கொடி அசையாமல் நிற்கும்போது, நடுவில் பள்ளத்தாக்கின் மேலே காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம். எந்த விலைத் துப்பாக்கியும் இதைச் சரிசெய்யாது.

பராமரிப்பும் இங்கே துல்லியத்தின் பகுதியே. ஊட்டியில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிப்பது தெரிந்த தொல்லை, ஸ்கோப்புக்கும் அதுவே. நைட்ரஜன் நிரப்பி அடைத்த ஸ்கோப், சிலிக்கா ஜெல் போட்ட பெட்டி, சுட்ட அன்றே எண்ணெய் துணியால் துடைத்த குழல், இவை மூன்றும் இல்லாவிட்டால் வாங்கிய தரம் இரண்டு மழைக்காலம் தாங்காது.

சட்டமும் இடமும்

ரைஃபிளும் தோட்டாவும் 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள் ஆகியவற்றின் கீழ் வருகின்றன. போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்தவர்களுக்கு அந்த விதிகளில் தனிப் பிரிவுகள் உண்டு. சொந்தத் தோட்டம் என்பதாலோ, எதிரே மலைச்சரிவு இருக்கிறது என்பதாலோ அங்கே சுட்டுப் பார்க்க முடியாது. .308 குண்டு 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். நீலகிரியில் அந்த மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு ஊரோ, தேயிலை பறிப்பவர்களோ, காப்புக்காடோ இல்லாத திசை அரிது. அனுமதி பெற்ற சுடுதளம் ஒன்றுதான் வழி.

பணத்தை எந்த வரிசையில் போடலாம்?

1. முதலில் .22 ரைஃபிளில் 50 மீட்டர். மெதுவாகப் போகும் அந்தச் சிறிய குண்டைக் காற்று நன்றாகவே தள்ளும் என்பதால், காற்று படிக்கக் குறைந்த செலவில் கிடைக்கும் பயிற்சி இது. தோட்டாவை லாட் எண் பார்த்து, தன் குழலுக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் இங்கேயே வந்துவிடும்.
2. பெரிய ரைஃபிளுக்கு மாறும்போது நல்ல குழல், உரசாத கட்டை. வெளித்தோற்றத்துக்குக் காசு வேண்டாம்.
3. வேகம் சீராக உள்ள தோட்டா. வேகமானியில் குறைந்தது பத்துக் குண்டு சுட்டு வேறுபாட்டை அளந்த பிறகே அதிக அளவில் வாங்கவேண்டும்.
4. சரியாகத் திருகும் ஸ்கோப், உறுதியான வளையம், ரசமட்டம்.
5. மீதிப் பணம் முழுவதும் சுடுதளத்துக்குப் போய்வரும் செலவுக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் நேரம், வெப்பம், கொடி நின்ற நிலை, தான் கணித்த காற்று, குண்டு விழுந்த இடம் ஆகியவற்றை நோட்டில் குறித்துவையுங்கள். சில மாதங்கள் கழித்து அதைப் புரட்டினால், சிதறலில் எவ்வளவு துப்பாக்கியுடையது, எவ்வளவு தோட்டாவுடையது, எவ்வளவு தன்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியும். அடுத்து எதை வாங்குவது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவுசெய்யலாம்.